முப்பத்தெட்டுச் சம்மதங்கள்

ஜூலை 8, செவ்வாய்
ஈப்போவில் காலையிலிருந்து மழை. லேப் ஏசி ஒழுகல். கீழே வாளி.

செய்ய வேண்டியவை: பெட்ரி தட்டு கழுவ. நெறிமுறை அறிக்கை. குடை வாங்க.

என்னோடு லேப்பில் வேலை செய்யும் சரண் சுங்காய் ஊரிலிருந்து திரும்பிவிட்டான். அங்கேதான் என் அத்தை இருக்கும் பழைய ரப்பர் தோட்டத்து லயம், தொழிலாளர் வரிசை வீடுகள். அங்கே ஒரு மூடிய தொட்டி வைத்து, ரப்பர் கழிவைத் தின்ன நாங்கள் மரபணு மாற்றிய பாக்டீரியாவைச் சோதிக்கலாமா என்று கேட்கும் படிவம். முப்பத்தெட்டு வீடு, முப்பத்தெட்டுச் சம்மதம். ஒரே நாளில்.

எல்லாம் ஒரே நீல மை.

"யாரும் கேள்வி கேட்கலையா?"

"இல்ல தேவி. நல்ல ஆளுங்க லா."

நல்ல ஆட்கள்தான். ஆனால் வள்ளி அத்தை மீன்காரனிடமே பத்துக் கேள்வி கேட்பாள். போன மாதம் நான் போய்த் தொட்டி பற்றிச் சொன்னபோதும் அவள் பாதிக்கு மேல் காதில் வாங்கவில்லை; அப்படியிருக்க ஒரே நாளில் எல்லோருமா?

ஜூலை 10, வியாழன்
வெயில். தலைவலி.

சரணின் மேசையில் பழுப்பு உறை. அவன் சாப்பிடப் போனதும் திறந்துவிட்டேன். தப்புதான். உள்ளே லயத்துக்காரர்களின் அடையாள அட்டை, முப்பத்தெட்டு ஐசி நகல்கள்! வந்தவனைப் பிடித்துக் கேட்டேன்.

"நான் கேக்கல. அவங்களே குடுத்தாங்க. என்ன செய்றதுன்னு தெரியாம வச்சிருக்கேன்."

கேட்காமல் யார் ஐசி கொடுப்பார்கள்? என்னவோ ஆசை காட்டியிருக்கிறான். மூன்று வருட நண்பன், இருந்தாலும் நம்ப முடியவில்லை. திங்கள்கிழமை எங்கள் ஆய்வை நடத்தும் டாக்டரிடம் அறிக்கை. பொய்ச் சம்மதம் என்றால் எங்கள் ப்ராஜெக்ட் அதோடு சரி.

ஜூலை 13, ஞாயிறு
சுங்காய் பஸ். பக்கத்து சீட்டில் டுரியான் பழ மூட்டை.

அத்தை பால் விடாத தேநீர், தே ஓ, கொடுத்தாள். உட்காரும் முன்பே, "வீடு எப்பம்மா கட்டித் தருவாங்க?"

வந்ததே கோபம். "சரண் அப்படிச் சொன்னானா அத்தே?"

"அந்தப் பையன் பாவம்லா. கிருமி, தொட்டின்னு தொண்டை கட்டுற வரைக்கும் சொன்னான். நாங்கதான் சரி சரின்னு பேனாவ வாங்கிட்டோம். நீதானே போன மாசம் சொன்ன?"

"நானா?"

"லயத்துக்குப் பதிலா நாங்க வருஷக்கணக்கா கேக்குற வீடு விஷயமான்னு கேட்டேன். 'எல்லாம் வரும் அத்தே, கையெழுத்து மட்டும் போட்டு வைங்க'ன்ன. நான்தான் லயம் பூரா சொன்னேன். வீட்டுக்கு பாரம் நிரப்புனா ஐசி நகல் வைக்கணும்லா."

ஞாபகம் வந்தது. கையில் போன், வாயில் முறுக்கு. பேச்சை முடிக்கச் சொன்ன வார்த்தை. வெட்கமாக இருக்கிறது.

கிளம்பும்போது இன்னொரு நகல் நீட்டினாள். மாமாவுடையது. அவர் போய் ஆறு வருடம். பழைய வீட்டு மனு அவர் பெயரிலாம்.

வீடு கிடையாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 14, திங்கள்
தூறல். குடை இன்னும் வாங்கவில்லை.

சரணிடம் மன்னிப்பு. கேட்டாயிற்று. அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை.
படிவங்கள் செல்லாது என்று டாக்டரிடம் சொல்ல. ஆயிற்று.
ஐசி நகல்களைத் திருப்பிக் கொடுக்க. சனிக்கிழமை.
வீடு வராது என்று அத்தையிடம் சொல்ல.