அட்டைக்கடி என்று நினைத்தது

நவ. 11, திங்கள்

விடியலிலிருந்தே மழை. காலுக்குச் சவர்க்காரம், உப்பு எல்லாம் பூசியும் பிரயோசனமில்லை, அட்டைகளுக்கு நாங்கள்தான் விருந்து. ரேஷனில் மாவு இல்லை, சாப்பாட்டுக்கு மறுபடி மரவள்ளி.

பாறைப் பக்கம் தேயிலைக் கொழுந்து எடுக்கையில், என் பக்கத்து நிரையில் நின்ற ராசம்மா அக்காவுக்குக் கணுக்காலில் சுருக்கென்றதாம். குனிந்து பார்த்தால் ரத்தம் மட்டும். "அட்டைதான்டி, விடு" என்று சுண்ணாம்பைத் தடவிக்கொண்டாள். எல்லார் காலிலும் ரத்தம். யார் காலை யார் பார்ப்பது?

நவ. 12, செவ்வாய்

மழை விடவில்லை. அட்டைக்கடி என்றால் இதற்குள் நின்றிருக்கும். அக்காவுக்கு நிற்கவில்லை, காலும் வீக்கம். பெயர் வெட்டினால் அன்றைய கூலி போய்விடும் என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்தாள், பிடிவாதக்காரி. ஈறிலும் ரத்தமாம். ஓயாமல் வெற்றிலை போடுகிறவள் துப்புவதில் எது ரத்தம் என்று எப்படித் தெரியும்?

பகலில் அவளுக்கு மூத்திரம் சிவப்பு. டிஸ்பென்சரிக்குத் தாங்கிப் போனேன். தோட்டத்து டொக்டர் அவள் ரத்தத்தைக் கண்ணாடிக் குப்பியில் இருபது நிமிஷம் ஆடாமல் வைத்தார். பிறகு சரித்தார். உறையவே இல்லை, தண்ணீராக ஓடியது. காலைக் கழுவினால் இரண்டு புள்ளி.

"அட்டை இல்ல புள்ள. விரியன் தீண்டியிருக்கு."

தோட்டத்து லொறியில் பதுளை ஆஸ்பத்திரி.

நவ. 13, புதன்

விஷமுறிவு மருந்து ஏற்றுகிறார்கள். வார்டு டொக்டர் பொறுமைசாலி, கேட்டால் சொல்கிறார். அட்டையின் எச்சிலில் ரத்தத்தை உறையவிடாத சத்து இருக்கிறதாம், கடித்த இடத்தோடு சரி. நம் உடம்பிலும் அப்படி ஒன்று உண்டாம், இல்லாவிட்டால் ஓடுகிற ரத்தம் உள்ளேயே கட்டிப்போகுமாம். நெஞ்சு நோய்க்காரருக்கு அந்த மாதிரி மருந்தை ஊசியாகவே போடுவார்களாம். விரியன் விஷம் வேறு வழி. உறைவதற்கு உள்ள சரக்கையெல்லாம் கரைத்துத் தீர்த்துவிடும். அப்புறம் கட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

லயத்து வீட்டில் அவள் சின்னப் பிள்ளை அம்மாவைக் கேட்டு அழுகிறதாம்.

நவ. 14, வியாழன்

குப்பியில் ரத்தம் கட்டிவிட்டது! சரித்தும் அசையவில்லை. நர்ஸ் காலில் விழப்போனேன்.

நவ. 15, வெள்ளி

மழை. நேற்றிலிருந்து அக்காவுக்கு மூத்திரம் இல்லை. முகம் ஊதியிருக்கிறது. டொக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். ரத்தம் தேறிவிட்டது, ஆனால் விஷத்தில் சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டன, அதற்குப் பதிலாக ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷின் இங்கே இல்லை, கொழும்பு வரை தாங்கமாட்டாள் என்றார்.

உள்ளே போனேன். அக்கா எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"ரத்தந்தான் நின்னுருச்சே. எப்ப வீட்டுக்குப் போறது?"

நாளைக்கு என்றேன்.