லாரி வரும் வரைக்கும்

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் நல்ல பனி. மாடியில் கிடந்த துணியெல்லாம் ஈரம். வலது தோள் அப்படியே. இறுகிப்போயிருக்கிறது, மெதுவாகப் பழக்கினால்தான் இளகும் என்றார் டாக்டர். தையல் மிஷின் ஓட்டிவிடுகிறேன், தலை பின்ன முடியவில்லை. என்ன பிழைப்போ.

வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்து ஒரு மாதம். பத்தொன்பது வருடமாக அங்கே பூங்கா கூட்டும் வேலை. 13ஆம் தேதி டிக்கெட். போனால் இன்னும் இரண்டு வருடம்.

"நீ என்ன சொல்ற சாந்தி?" என்றார்.

"ஒங்க இஷ்டம்."

போகாதீர்கள் என்று சொல்ல இந்தத் தடவையும் வாய் வரவில்லை.

ஜாக்கெட் மூன்று பாக்கி.

பிப். 4, செவ்வாய்

"மாடிக்கு வா, ஒன்னு காட்டுறேன்" என்றார். சீனர்களின் பயிற்சியாம், சீகோங். விடியற்காலையில் அந்தப் பூங்காவில் வயதான சீனப் பெண்கள் வரிசையாக நின்று செய்வார்களாம். விளக்குமாறும் கையுமாக வேடிக்கை பார்த்தவரை ஒரு அம்மா இழுத்து வரிசையில் நிறுத்திவிட்டார். பாஷை தெரியாது. பார்த்துப் பார்த்தே பழகியது.

"இம்புட்டு நாளா சொல்லவே இல்ல. போன்ல சாப்டியா சாப்டியான்னுதான் கேட்டீங்க."

"நீயும் அதத்தான கேட்ட."

மறக்காமல் இருக்க:
கால் தோள் அகலம். முட்டி விறைப்பு கூடாது.
மூச்சு மூக்கு வழியாக, அடிவயிறு வரை.
இழுக்கும்போது கை மேலே, விடும்போது கீழே. அவசரம் கூடாது.
வலிக்கும் முன்பே நிறுத்த வேண்டும்.
பிறகு, குடத்தை அணைத்த மாதிரி கைகளை வளைத்துச் சும்மா நிற்பது.

சும்மா நிற்கவா மாடி ஏறினேன்?

பிப். 6, வியாழன்

பக்கத்து மாடியில் ராணி அக்கா வத்தல் காயப்போட வந்தது.

"என்னடி, புருசனும் பொண்டாட்டியும் சேந்து காக்கா வெரட்டுறீங்களா?"

மானம் போயிற்று. இவர் கண்ணைத் திறக்கவே இல்லை. "மூச்சை விடு" என்றார். விட்டேன்.

கை இரண்டு விரற்கடை கூடுதலாக ஏறியது. மதியம் நல்ல தூக்கம். எத்தனை நாளாயிற்று.

பிப். 9, ஞாயிறு

மேகமூட்டம். மணமேல்குடி போய் நகரை மீன் வாங்கி வந்தார். குழம்பு.

காலையில் கேட்டுவிட்டேன். தினமும் குடம் பிடித்து நிற்கும்போதே சட்டென்று கையை விட்டுவிடுகிறாரே, இந்தப் பயிற்சி கடைசியில் எப்படித்தான் முடிகிறது என்று.

"முடிவு தெரியாது சாந்தி. அந்நேரம் கம்பெனி லாரி வந்துரும், அடுத்த எடத்துக்கு ஏத்திட்டுப் போக. ஹாரன் அடிச்சா ஓடிருவேன். ஒரு நாளும் கடைசி வரைக்கும் நின்னதில்ல."

அவர் லீவும் அப்படித்தான். மனுஷன் பழக்கமாகும்போது புறப்பட்டுவிடுவார். அழுகையாக வந்தது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது வசதியாகப் போயிற்று.

சாயங்காலம் எனக்குத் தலை பின்னிவிட்டார். பின்னலா அது, வண்டிக்கயிறு. அவிழ்க்க மனசில்லை.

பிப். 12, புதன்

பெட்டி கட்டியாயிற்று. கருவாட்டைப் பிளாஸ்டிக் பையில் மூன்று சுற்றுச் சுற்றி வைத்தேன்.

காலையில் மாடி. லேசான பனி. குடம் பிடித்து நின்றோம். வழக்கமான நேரத்தில் அவர் கையை விட்டார். நான் விடவில்லை.

"கீழ போகலாம்."

"நீங்க போங்க. நான் முடிச்சுட்டு வாரேன்."

"முடிவுதான் தெரியாதே."

"இங்கிட்டு எந்த லாரியும் வராது. நில்லுங்க."

மறுபடி கையை வளைத்து எனக்கு எதிரே நின்றார். கண்ணை மூடிக்கொண்டேன். மூச்சு வயிறு வரை போய் வந்தது. அது வெளியே வரும்போது சொல்லிவிட்டேன்.

"போகாதீங்க."

கண்ணைத் திறந்தேன். வளைத்த கை வளைத்தபடியே ஒரு அடி முன்னால் வந்தார். குடம் இருக்க வேண்டிய இடத்தில் நான்.

"இத ஒரு தடவ நீ சொல்லுவன்னு ஒவ்வொரு லீவுலயும் பாத்தேன்" என்றார்.

என் வலது கை அவர் கழுத்தைச் சுற்றியிருந்தது. எப்போது அவ்வளவு உயரம் ஏறியதோ. வலித்தது. எடுக்கவில்லை. ராணி அக்கா மாடியில் இருந்ததா என்று பார்க்கவும் இல்லை.

கீழே கம்பெனிக்குப் போன் பேசிக்கொண்டிருக்கிறார். பெட்டியிலிருந்து முதலில் கருவாட்டை எடுக்க வேண்டும்.