உப்பைப் பிடித்து வைத்தவள்

காம்ப்டன், கலிபோர்னியா
செப்டம்பர் 1966, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள டெல்பர்ட்டுக்கு,

நெல்டா எழுதுவது. நான் நலம். நீயும் உன்னோடு வண்டிவேலை பார்க்கும் வெர்னும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்நேரம் அந்த வறண்ட உப்பு ஏரிக் காற்றில் உன் உதடு வெடித்திருக்கும். வாசலின் டப்பாவை உன் சவரப் பைக்குள்தான் வைத்திருக்கிறேன். நீ அங்கே தேடியிருக்க மாட்டாய், என்னைத் திட்டிக்கொண்டிருப்பாய்.

இங்கே வெயில் இன்னும் குறையவில்லை. சமையலறைத் தொட்டி மறுபடி அடைத்துக்கொண்டது. பக்கத்து வீட்டு ப்ரூயிட் அம்மாள் தன் மகனை அனுப்பிச் சரிசெய்து கொடுத்தார். நம் நாய் டிங்கர் தினமும் பட்டறை வாசலில் போய்ப் படுத்துக்கொள்கிறது. நம் வேக வண்டியின் ஜெட் இன்ஜின் போடும் கூச்சலுக்குக் கட்டிலுக்கடியில் ஓடி ஒளிந்த நாய், இப்போது அந்தக் கூச்சல் இல்லாமல் தூங்க மாட்டேன் என்கிறது.

வண்டியை நிறுத்த நீ கேட்ட பாராசூட்டுகள் இந்தப் பெட்டியில் இருக்கின்றன. இரண்டையும் மடித்துவிட்டேன், போகும் ஓட்டத்துக்கு ஒன்று, திரும்பும் ஓட்டத்துக்கு ஒன்று. ஒரு மணி நேரத்துக்குள் வண்டியைத் திருப்பி எதிர்த்திசையில் ஓட்டினால்தான் வேகச் சாதனை செல்லும் என்று ஆகிவிட்ட பிறகு, உப்பில் நின்று பாராசூட் குடை மடிக்க யாருக்கு நேரம்? அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ என்னைக் கூப்பிட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. “யோசித்துச் சொல்கிறேன்” என்று வைத்துவிட்டேன். “என் ஓட்டம் முடிஞ்சிடும், அப்புறமும் உப்பு நம்ம கையில சில நாள் இருக்கும். நீ வந்து ஓட்டு கண்ணு. இந்த வருஷம் மணிக்கு முந்நூறு மைலைத் தாண்டாம விட மாட்டேன்” என்றாய். குரலில் அவ்வளவு தேன். போன வருஷமும் இதே தேனைத்தான் தடவினாய்.

சனிக்கிழமை குடையின் கயிறுகளைக் கட்ட மெழுகு நூல் தேவைப்பட்டது. எடுக்கப் பட்டறைக்குப் போனேன். நூல் கண்டு இருந்த ஆணிக்குப் பக்கத்து ஆணியில், குளிர்காலத்தில் நீயும் வெர்னும் வண்டியிலிருந்து கழற்றிய பழைய வேகப் பெடல் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் முன்பக்கம் ஒரு மரக்கட்டை. அது எனக்குத் தெரிந்த கட்டைதான். “உன் கால் எட்டாதுடி, உயரம் ஏத்திக் குடுக்கறேன்” என்று என் கண்முன்னால் நீ வைத்துத் திருகியது. கையில் எடுத்துத் திருப்பினேன். பின்பக்கமும் ஒரு கட்டை இருந்தது. கறுப்புப் பெயின்ட் அடித்து, இரும்போடு இரும்பாகத் தெரியும்படி செய்திருந்தாய். உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தேன். பாதி வழியில் நின்றுவிட்டது.

டெல்பர்ட், அந்தப் பட்டறையில் அப்படியே சிமென்ட் தரையில் உட்கார்ந்துவிட்டேன். டிங்கர் வந்து என் முழங்காலை நக்கியது.

நினைத்துப் பார். போன வருஷம் உன் சாதனை முடிந்ததும், “இப்ப நெல்டா முறை. பொம்பளைங்க யாரும் முந்நூறு மைலைத் தொட்டதில்ல, இவ தொடுவா” என்று பத்திரிகைக்காரர்கள் எதிரிலேயே சொன்னாய். வண்டிக்கு ஏற்கெனவே என் பெயர். ‘மிஸ் நெல்டா’ என்று நீல எழுத்தில் எழுதிய வண்டிக்குள் நெல்டாவே ஏறி உட்கார்ந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா? அந்த இன்ஜினை ராணுவக் கழிவுக் கிடங்கிலிருந்து இழுத்து வந்த நாளிலிருந்து அதற்கு எண்ணெய் துடைத்தவள் நான். உப்பின் மேல் பாதை காட்ட வரைந்த கறுப்புக் கோட்டில் வண்டியை நிறுத்தினாய். மூடியைச் சாத்துவதற்கு முன் என் தலைக்கவசத்தில் முத்தம் கொடுத்தாய்.

பெடலைத் தரையோடு தரையாக மிதித்தேன். வேகமானியின் முள் ஓரிடத்துக்கு மேல் ஏறவில்லை. அடுத்த நாள் மிதித்தேன். அதற்கடுத்த நாளும். ஒவ்வொரு முறையும் முந்நூறுக்குக் கீழேயே நின்றது. “கால் அடிமட்டத்தில்தான் இருந்தது” என்று நான் சொன்னேன். நீ என் பூட்ஸைக் கழற்றி, பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? “அப்படித்தான் தோணும் கண்ணு. கால் தானா மேல வந்துடும், உனக்கே தெரியாது. மனசுக்குப் பயம் இல்லாட்டியும் காலுக்குப் பயம் இருக்கும். நாளைக்குப் பாத்துக்கலாம்.” பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதை நான் கேள்விப்பட்டிருந்தேன். என் காலைத் தடவிக்கொடுத்த கையே செய்திருக்கும் என்று நினைக்கவில்லை.

அப்புறம் மழை வந்தது. உப்பு முழுக்கத் தண்ணீர். எல்லோரும் மூட்டை கட்டினோம்.

நீ உப்பில் இருக்கும் நேரம் பார்த்து, நேற்று மோட்டலுக்குப் போன் போட்டேன். வெர்ன் எடுத்தான். கட்டையைப் பற்றிச் சொன்னதும் அவன் முதலில் சொன்ன வார்த்தை, “ஐயோ, அதை இன்னும் தூக்கிப் போடலையா அவன்?” அதற்குப் பிறகு மறைக்க அவனிடம் என்ன இருக்கிறது? அழாத குறையாகச் சொன்னான். “உப்பைப் பிடிச்சு வச்சுக்கணும்னான் நெல்டா. நம்ம பேர்ல வாடகைக்கு எடுத்த நாள் முடியற வரைக்கும் நம்மள்ல யாராவது ஓட்டிக்கிட்டே இருந்தா, வேகம் அளக்கற கடிகாரக்காரங்க இன்னொருத்தனை விட மாட்டாங்க. ஆர்வில் வண்டியோட வாசல்ல நிக்கறான், மழையும் வரப்போகுது, அதுவரைக்கும் இவ ஓட்டட்டும்னான். நீ முந்நூறைத் தொட்டுட்டா அப்புறம் ஓட்ட சாக்கு கிடையாதே. அதான் கட்டை. நான் வேணாம்னுதான் சொன்னேன்.” வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே திருப்புளியை எடுத்துக் கொடுத்திருக்கிறான். அவனைத் திட்டாதே, அவனுக்கு முதுகெலும்பு இல்லை என்பது நமக்குப் புதிய செய்தியா?

ஆர்வில் என் அண்ணன், டெல்பர்ட். அதை உனக்கு எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது. உனக்கு வெல்டிங் கற்றுக்கொடுத்தவன். நம் கல்யாணத்தில் உன் பக்கத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன். அவனும் தன் ஜெட் வண்டியை இழுத்துக்கொண்டு வந்து, நம் நாட்களில் மிச்சம் ஏதாவது கிடைக்குமா என்று உப்புக்குப் பக்கத்து ஊரான வெண்டோவரில் காத்துக்கிடந்தான். உன் சாதனையை அவன் வண்டி முறித்துவிடும் என்று உனக்கு நன்றாகத் தெரியும். தின்று முடித்த பிறகும் வைக்கோற்போரை விட்டு இறங்காத நாயாகப் படுத்துக்கொண்டாய். அதிலும் நீ படுக்கவில்லை, என்னைப் படுக்க வைத்தாய்.

மழை கொட்டிய அன்று, மாநில எல்லையில் அந்தக் காபிக் கடையில் அவனைப் பார்த்தேன். உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்ததும் பாதி சாப்பிட்ட தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தான். “உனக்கு ஓட்டத் தெரியாதுன்னு நான் நினைச்சதே இல்ல நெல். ஓட்டாம இருக்கவும் தெரியும்னு இப்பதான் தெரியுது” என்றான். நான் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டி அவனை மறித்தேன் என்கிறான் என்பது எனக்கு அப்போது புரியவே இல்லை. ஓட்டக் கிடைக்காத வயிற்றெரிச்சலில் பேசுகிறான் என்று நினைத்து, உன் பக்கம் நின்று அவனிடம் சண்டை போட்டேன். “பயந்தாங்கொள்ளி நான், போதுமா? என் கால் பயந்துடுச்சு” என்று கடை முழுக்கக் கேட்கக் கத்தினேன். அவன் போய்விட்டான். கிறிஸ்துமஸுக்குக்கூட அவன் வீட்டிலிருந்து ஒரு வாழ்த்து அட்டை வரவில்லை.

ஒரு வருஷம், டெல்பர்ட். மளிகைக் கடைக்குக் கார் ஓட்டிப் போகும்போதுகூட என் வலது காலைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறேன். தேவாலயத்தில் பெண்கள் விசாரித்தால் சிரித்துக்கொண்டே, “எனக்கு அந்தத் தைரியம் இல்லை” என்று சொல்லப் பழகிவிட்டேன். நீ பக்கத்தில் நின்று என் தோளைத் தட்டுவாய். நம்ப வைத்துக் கழுத்தறுத்தவர்கள் எத்தனையோ பேர் உண்டு. அறுத்த இடத்துக்குத் தினமும் மருந்து போட்டுவிட்டவன் நீ ஒருவன்தான்.

நீ என்ன சொல்லப்போகிறாய் என்று எனக்குத் தெரியும். “நீ உயிரோட இருக்கணும்னுதான் கட்டை வச்சேன்” என்பாய். உன்னால் அழக்கூட முடியும். ஆனால் பயம் இருந்திருந்தால் என்னை ஏற்றியிருக்கவே மாட்டாய். கட்டையை வைத்துவிட்டு, “இதுக்கு மேல வேணாம் கண்ணு, எனக்குப் பயமா இருக்கு” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் உன்னைக் கெட்ட வார்த்தையில் திட்டியிருப்பேன், அன்றைக்கே மன்னித்தும் இருப்பேன். சாதனை எனக்குப் பெரிதில்லை. முந்நூறை வேறு எவளாவது தொடட்டும், நான் கை தட்டுவேன். என் கால் என்னுடையது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன் பார், அதைத்தான் நீ எடுத்துக்கொண்டாய்.

இப்போது மறுபடி வா என்கிறாய். ஆர்வில் இந்த வருஷமும் அங்கே வந்து நிற்கிறான் என்று வெர்ன் சொன்னான். மேற்கே மேகம் கட்டுகிறது என்றும் சொன்னான். பழைய கணக்கை மறுபடி போடுகிறாய். புதுப் பெடலுக்குப் பின்னால் என்ன வைத்திருக்கிறாய் என்று நான் கேட்கப்போவதில்லை.

நான் வரமாட்டேன். உன் ஓட்டம் முடிந்ததும், மிச்சமுள்ள நாட்களை ஆர்விலுக்கு விட்டுவிடு. கடிகாரக்காரர்களிடம் நீயே போய்ச் சொல். அவனிடமும் போய், போன வருஷம் என் காலுக்கடியில் என்ன இருந்தது என்று உன் வாயால் சொல். நான் எழுதினால் அவன் நம்பமாட்டான், உன் பெண்டாட்டி உனக்காகப் பேசுகிறாள் என்றுதான் நினைப்பான். இந்த இரண்டையும் செய்துவிட்டு வீட்டுக்கு வா, பேசலாம். செய்யாவிட்டால் வரும்போது முன்கூட்டியே போன் போட்டுவிட்டு வா. உன் துணிகளை எடுத்து வைப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

இனி குடைகள். திரும்பும் ஓட்டத்துக்கான குடையில் போன வருஷம் ஓரத் தையல் ஒன்று விட்டிருந்தது, அதைப் பிரித்துப் புதிதாகத் தைத்துவிட்டேன். கயிறுகள் எல்லாம் புது மெழுகு நூலில் கட்டியவை. ஞாயிற்றுக்கிழமை நீ போன் வைத்த பிறகு மடிக்க உட்கார்ந்தேன். மடிப்பு கோணலாக விழுந்தது. நிறுத்திவிட்டு, எழுந்துபோய்க் காபி போட்டுக் குடித்துவிட்டு வந்து, அதுவரை மடித்ததைப் பிரித்து முதலிலிருந்து மடித்தேன்.

பெட்டியைப் பார்த்ததும் உனக்கு ஒரு யோசனை வரும். இந்தக் கடிதத்தைப் படித்த எவனுக்கும் வரும். பிரித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகப் பார். ஆனால் பிரித்ததை மறுபடி மடிக்க அங்கே ஆளில்லை. வெர்ன் மடித்த குடை ஒருமுறை விரியாமல் வாலாக இழுபட்டுப் போனதும், நீ கோடு முடிந்து சேற்றில் போய் நின்றதும் மறந்திருக்காது. பிரிக்காமல் ஓடினால், பாதை முடியும் இடத்தில் நீ பிடியை இழுக்கும்போது, உனக்கும் அந்தச் சேற்றுக்கும் நடுவில் நான் மடித்தது மட்டும்தான் இருக்கும்.

சரியாகத்தான் மடித்திருக்கிறேன் என்று சத்தியம் செய்யலாம். செய்ய மாட்டேன். நீயும் எனக்குச் சத்தியம் எதுவும் செய்யவில்லை. தலையில் முத்தம் கொடுத்தாய், நான் மிதித்தேன்.

நீ கிளம்பும் காலையில் காற்று அடங்கியிருக்கட்டும். உப்பு காய்ந்திருக்கட்டும். கர்த்தர் உன்னோடு இருக்கட்டும். இழுக்கும்போது தயங்காதே டெல், பிடியை வெடுக்கென்று முழுசாக இழு.

நெல்டா