அப்பாவைப் படத்துக்குக் கூட்டிப் போவது குறித்து

என் செல்லப் பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். உன் அண்ணன் போனில் வேறு மாதிரி சொல்லியிருப்பான், அதை நம்பாதே, சுகம்தான். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் எப்படி இருக்கிறீர்கள், குட்டிக்குச் சளி விட்டதா, மாப்பிள்ளைக்கு ஷிஃப்ட் மாற்றிக் கொடுத்தார்களா, எல்லாவற்றையும் விவரமாகச் சொல். போன் கையில் இருக்கும்போது அம்மா எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று யோசிப்பாய். போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ மூன்று வாக்கியம் பேசிவிடுகிறாய். போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான், அண்ணன் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் ஒப்பித்துவிட்டு, 'இனிமே அப்பாவைத் தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போகாதீங்கம்மா, கேக்குதா' என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். கேட்டது. எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது. இப்போது நீ கேள், கடிதத்தில் குறுக்கே பேச முடியாது.

உனக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனால் மறந்துபோன மாதிரி பேசுவதால் திரும்பச் சொல்கிறேன். நம் எலக்ட்ரிக் கடையை ஒருநாளும் மூடியதில்லை என்று அப்பாவுக்கு அத்தனை பெருமை. கல்லாவில் அவர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நான் இருக்க வேண்டும். அதனால் கல்யாணம் ஆன நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு படம் பார்த்தது கிடையாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் போவார், சனிக்கிழமை மத்தியானம் அதே படத்துக்கு நான் போவேன். நான் பார்த்துவிட்டு வரும்வரை அவர் கதையைச் சொல்லக்கூடாது, அது நம் வீட்டுச் சட்டம். ஒரே ஒரு வார்த்தை சொல்லலாம். அநேகமாக அந்த வார்த்தை 'குப்பை'. அதோடு எந்த வரிசையில் எந்த சீட்டில் ஸ்பிரிங் குத்தும் என்பதையும் சொல்லி அனுப்புவார். சனிக்கிழமை சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு பேரும் அந்தப் படத்தைக் கிழித்துத் தோரணம் கட்டுவோம், நீயும் அண்ணனும் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழிப்பீர்கள். அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் பேச்சும் போன பிறகு கடையை உன் அண்ணன் எடுத்துக்கொண்டான். சின்ன வயதில் அப்பா அவனுக்கு வைத்த பட்டப்பெயர் மேனேஜர், இப்போது நிஜமாகவே மேனேஜர். கடையை நன்றாகத்தான் நடத்துகிறான், அதில் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தால் அவரும் சும்மா இருந்தார், நானும் சும்மா இருந்தேன். சும்மா இருக்கிற இரண்டு பேர் வேறு எங்கே போவார்கள். சக்கர நாற்காலியை மடக்கி டாக்ஸியில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

முதல் தடவை என்ன ஆயிற்று தெரியுமா, இதை அண்ணனிடம் கூடச் சொல்லவில்லை. கவுண்டரில் போய் நின்றதும் பழக்கதோஷத்தில் 'ஒண்ணு' என்று கேட்டுவிட்டேன். அந்த ஒற்றை டிக்கெட்டோடு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஜம்பமாக வாசலுக்குப் போனால், டிக்கெட் கிழிக்கிறவர் என்னையும் பார்க்கிறார், அப்பாவையும் பார்க்கிறார், 'இதுல யாரு படம் பாக்கப் போறீங்க' என்று கேட்கிறார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. குனிந்து பார்த்தால் உன் அப்பாவுக்குத் தோள் குலுங்குகிறது, சத்தம் வராமல் சிரிக்கிறார். வியாதி வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஓடிப்போய் இன்னொரு டிக்கெட் வாங்கி வந்தேன்.

அது போலீஸ் படம். கதாநாயகன் ஒரு குடோன் நிறைய ஆட்களை அடிக்கிறான், சட்டை கசங்கவில்லை. இங்கே உன் அப்பாவுக்கு ஒரு சட்டை மாட்டிவிடுவதற்குள் நான் கசங்கிப் போகிறேன். பாட்டு ஒன்றும் தேறவில்லை. அதில் ஒரு போலீஸ் நாய் வரும், பாதிப் படத்தில் குண்டடி பட்டுச் செத்துப்போகும், அந்த நாய்தான் அத்தனை பேரிலும் ஒழுங்காக நடித்திருந்தது. அந்த இடத்தில் பக்கத்தில் ஏதோ விசும்பல் கேட்டது. திரும்பினால் உன் அப்பா அழுகிறார். பாப்பா, கண்ணில் தண்ணீர் நின்றது என்று நினைத்துக்கொள்ளாதே, தேம்பித் தேம்பி அழுகிறார். எனக்கு உயிரே போய்விட்டது, நெஞ்சு வலிக்கிறதா, யாரையாவது கூப்பிடட்டுமா என்று எழுந்தேன். இடது கையால் என்னை இழுத்து உட்காரவைத்து, திரையைப் பார் என்று கையைக் காட்டினார். இத்தனை வருஷமாக வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குப்பை என்று சொல்லிக்கொண்டு வந்தாரே, அந்த மனுஷர் உள்ளே உட்கார்ந்து அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்திருக்கிறார். நான் மறுநாள் தனியாகப் போய் அதே இடத்தில் அழுதுவிட்டு, அவருக்குத் தெரியக்கூடாது என்று முகத்தைக் கழுவிக்கொண்டு வருவேன். என்ன குடும்பம் நடத்தினோமோ போ.

அடுத்த வாரம் பேய்ப் படம். அந்த வீட்டில் விளக்கு மினுக்கி மினுக்கி எரிகிறது, உடனே எல்லாரும் அலறுகிறார்கள். எனக்குப் பயமே வரவில்லை, ஸ்விட்ச் போர்டைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, ஒயரிங் சரியில்லை. முதல் சீனிலேயே ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருந்தால் அந்தக் குடும்பத்தில் நாலு பேர் பிழைத்திருப்பார்கள். இதை அவர் காதில் சொன்னேன், அவருக்குக் கோபம் வந்துவிட்டது, படம் ஓடும்போது பேசினால் அவருக்குப் பிடிக்காதாம். இது எனக்கு எப்படித் தெரியும் சொல்.

இனி அந்த மூன்றாவது படம், உங்கள் அண்ணன் தங்கை மாநாட்டுக்குக் காரணமான படம். ஒரு அப்பா, நம் அப்பா மாதிரியே பக்கவாதம், படுத்த படுக்கை. வெளியூரில் இருக்கிற மகள் (உன்னைச் சொல்லவில்லை, படத்தைச் சொல்கிறேன்) மழையில் நனைந்துகொண்டு ஓடிவந்து, அவர் கையைப் பிடித்து ஒரு பாட்டுப் பாடுகிறாள். பாட்டு முடிவதற்குள் விரல் அசைகிறது, பிறகு கால் அசைகிறது, மனுஷர் எழுந்து நடந்து போய் அவளுக்குத் துண்டு எடுத்துக் கொடுக்கிறார். தியேட்டரே மூக்கை உறிஞ்சுகிறது. அப்போதுதான் என் பக்கத்திலிருந்து ஒரு சத்தம், 'பொய்!' என்று. கணீரென்று. எல்லாரும் திரும்பினார்கள். மறுபடியும், 'பொய்!' பேச்சுப் பயிற்சிக்கு வருகிற பெண் மாதக்கணக்காகக் குடை படமும் பூனை படமும் காட்டிப் பார்க்கிறாள், ஒரு சொல் வந்ததில்லை பாப்பா, தொண்டையில் ஏதோ உருளும், அவ்வளவுதான். அந்த வாயிலிருந்து முழுசாக ஒரு சொல். முன்வரிசையில் சிரித்தார்கள், பின்னால் யாரோ 'உக்காருங்க பெரியவரே' என்று கத்தினான், அவர் என்னவோ எழுந்து நின்றுகொண்டிருந்த மாதிரி. நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை, அவர் கையைப் பிடித்துக்கொண்டு 'ஆமாங்க, பொய்தான், சுத்தப் பொய்' என்று நானும் கத்தினேன்.

அதை எவனோ போனில் எடுத்து ஊரெல்லாம் அனுப்பியிருக்கிறான். கடைக்கு ஒயர் வாங்க வருகிற எலக்ட்ரீஷியன்கள் உன் அண்ணனிடமே காட்டிச் சிரித்தார்களாம். வீட்டுக்கு வந்து குதித்தான். 'மானமே போச்சும்மா, வயசான காலத்துல ரெண்டு பேரும் தியேட்டர்ல கூச்சல் போடுறீங்க' என்றான். உங்க அப்பா பேசினார்டா என்றேன். அது அவன் காதில் ஏறவே இல்லை. அவனுக்கு மானம் போயிற்று, எனக்கு என் வீட்டுக்காரர் திரும்பி வந்தார், இரண்டும் ஒரே நிமிஷத்தில் நடந்தால் நான் எதைப் பார்ப்பேன். பயிற்சிக்கு வருகிற பெண்ணிடம் சொன்னதும் அவள் குதூகலமாக, என்ன படம் என்று கேட்டுக்கொண்டாள், அதைப் பற்றியே அவரிடம் பேச்சுக் கொடுக்கப் போகிறாளாம். நீயும் அண்ணனுமாகச் சேர்ந்து வாங்கிப்போட்ட பெரிய டிவி நன்றாகத்தான் இருக்கிறது, செய்தி வாசிக்கிற பெண் கட்டில் சைஸில் தெரிகிறாள். ஆனால் அதில் படம் போட்டால் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். அந்த அறையில் இருட்டில்லை, கூட்டமில்லை, திட்டுவதற்குப் பின்வரிசையில் ஒரு ஆள் இல்லை. உன் அண்ணி பாவம், அவள் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறாள், அவளை ஒன்றும் சொல்லாதே.

போன வெள்ளிக்கிழமை அவருக்குத் தலை வாரி, சட்டை மாட்டி வாசலில் காத்திருந்தால் டாக்ஸி வரவில்லை. போன் போட்டேன், வரவேண்டாம் என்று அண்ணன் சொல்லிவிட்டதாக டாக்ஸிக்காரர் மென்று விழுங்கினார். வேறு டாக்ஸி கூப்பிட்டிருக்கலாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, டாக்ஸியே வேண்டாம் என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டே கிளம்பிவிட்டேன். கடைத்தெரு வரைக்கும் சுலபமாக இருந்தது, எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள், பார்க்கட்டுமே. பாலத்து ஏற்றத்தில்தான் மூச்சு வாங்கிவிட்டது, நாற்காலி பின்னால் வருகிறது, நான் அதற்கு முட்டுக்கொடுத்து நிற்கிறேன். தையல் ஆலையில் வேலை முடிந்து இரண்டு பெண்கள் வந்தார்கள், என்னம்மா ஆஸ்பத்திரிக்கா என்று கேட்டார்கள், படத்துக்கு என்றேன். எந்தப் படம் என்று சொன்னதும் ஒருத்தி, 'அதுவா, செம மொக்கைங்க, சரி வாங்க தள்ளுறோம்' என்றாள், இரண்டு பேருமாகத் தியேட்டர் வாசல்வரை கொண்டுவந்து விட்டார்கள். நல்லா இருக்கட்டும்.

அவள் சொன்னது சரிதான், மொக்கைதான். ஒரு பையனும் பெண்ணும் தினம் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்கிறார்கள், பேச மாட்டேன் என்கிறார்கள். யாராவது ஒருத்தர் வாயைத் திறந்திருந்தால் இடைவேளைக்கு முன்னாலேயே கல்யாணம் முடிந்திருக்கும். கடைசியில் பஸ் ரூட்டை மாற்றிவிடுகிறார்கள், அவ்வளவுதான் கதை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தேன், அவர் வழக்கம்போல அழுது தீர்த்தார். விளக்கு போட்டதும் முகத்தைத் துடைத்துவிட்டு, எப்படி இருந்தது என்று கேட்டேன். சும்மா கேட்டதுதான். அவர் வாய் கோணி, உதடு துடித்து, கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டது. கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டு வெளியே போயிற்று. கூட்டுகிறவர் துடைப்பத்தோடு வந்து நின்றார். நான் அவசரப்படுத்தவில்லை. அப்புறம் சொன்னார், 'அடுத்தது?' என்று. அடுத்தது எப்போது, அடுத்தது என்ன, அதைத்தான் கேட்டார் பாப்பா. எனக்கு வேறு யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை.

திரும்பி வரும்போது கடை வாசலைத் தாண்டித்தான் வந்தோம். அண்ணன் கல்லாவிலிருந்து பார்த்தான், இறங்கி வரவில்லை. மறுநாள் காலையில் வந்து, 'டாக்ஸிக்காரர்கிட்ட சொல்லிட்டேன், வருவார், இனிமே உங்க இஷ்டம்' என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னான். கோபத்தில் சொன்னதுதான். நான் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டுவிட்டேன்.

ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று அவனும் கேட்டான், நீயும் கேட்டாய். நான் சொல்வேன். எனக்குப் பயமில்லை என்றா நினைக்கிறாய், படம் ஓடும்போது இருட்டில் நாலு தடவையாவது அவர் மூக்குக்கு நேராக விரலை வைத்துப் பார்க்கிறேன், அவர் ஈ ஓட்டுகிற மாதிரி தட்டிவிடுகிறார். கட்டிலில் படுத்துக் கிடந்தாலும் ஆகிறது ஆகத்தான் போகிறது. நாங்கள் ஒரே படத்தை வேறு வேறு நாளில் பார்த்தே கிழவன் கிழவி ஆனவர்கள். அவருக்குப் பக்கத்தில் உட்கார எனக்கு இப்போதுதான் இடம் கிடைத்திருக்கிறது. அதை உன் அண்ணனுக்காகவும் விடமாட்டேன், உனக்காகவும் விடமாட்டேன். எமனே வந்தாலும், படம் முடியட்டும், வெளியே நில் என்பேன்.

நீ வேலைக்குப் போகிற அவசரத்தில் நின்றுகொண்டே சாப்பிடாதே. குட்டிக்குப் போனைக் கொடுத்துத் தூங்க வைக்காதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வயது வாழ வேண்டும், எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் உங்களுக்கு எப்போதும் உண்டு. அடுத்த மாதம் ஊருக்கு வருவதற்கு டிக்கெட் எடுக்கும்போது நாளைப் பார்த்து எடு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் வந்து இறங்காதே, வாசலில் பூட்டுதான் தொங்கும்.

சொன்னபடி கேட்காத உன்
அம்மா