குண்டு பட்டவன் பேசுற வசனம்

அக்டோபர் 8, புதன்
ஆலத்தியூர் சிமெண்ட் பிளான்ட்டுல ஷிஃப்ட் முடிஞ்சு வந்தேன். சாப்பிட்டேன். எம் பொண்டாட்டி மேகலா போயி மூணு மாசமாச்சு. அழுகை இன்னும் வரல. ஏன்?

12, ஞாயிறு
டிவில பழைய படம். நெஞ்சுல குண்டு வாங்கினவன் அம்மா, தங்கச்சி, நாடுன்னு எல்லாத்தையும் பேசி முடிச்சுட்டுத்தான் சாகுறான். மேகலாவோட பாக்குறப்பல்லாம், "நுரையீரல் ஓட்டையானவன் எப்படிடி இவ்ளோ பேசுவான்?"னு கேப்பேன். "பேசாம சாகுறதுக்கு எதுக்குங்க சினிமா?"ம்பா மேகலா.
ஆம்புலன்ஸ்ல பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போற வழியெல்லாம் அவ ஒரு வார்த்தை பேசல.
டிவிய நிறுத்திட்டேன்.

16, வியாழன்
மக குழலி போன தீபாவளிக்கு வாங்குன பொட்டு வெடித் துப்பாக்கிய எடுத்துட்டு வந்தா. விசை மாட்டிக்கிச்சு. "பெரிய மெஷினெல்லாம் சரி பண்றல்ல, இதப் பண்ணுப்பா." ஸ்பிரிங் மாத்தினேன்.
எங்க கூட இருக்குற கமலவேணி அக்கா, "துக்க வூடுடா. வருசம் திரும்புற வரைக்கும் வெடிச்சத்தம் கூடாது"ன்னுச்சு.
"பொட்டு வேணாம் அத்தை, வாயாலயே சுட்டுக்கறேன்."
டுமீல்னு என்னைத்தான் மொதல்ல சுட்டா. சும்மா நின்னேன். மேகலாவா இருந்தா சுவத்துல சாஞ்சு, கதவப் புடிச்சு, "எனக்கப்புறம்... மாவ... ஃபிரிட்ஜ்ல எடுத்து வைங்க..."ன்னு வசனம் பேசித்தான் விழுவா.
குழலி துப்பாக்கிய எடுத்துட்டு உள்ள போயிட்டா.

20, தீபாவளி
தெருவெல்லாம் புகை. எங்க வூட்ல எண்ணெய்ச்சட்டி வைக்கல. பக்கத்து வூட்டு ராசாங்கம் அண்ணன் அதிரசம் குடுத்துட்டுப் போனாரு.
"புள்ள யாரையும் சுட மாட்டேங்குதுடா. தலகாணிக்கடியில வெச்சிருக்கு"ன்னுச்சு அக்கா. ஏம்மான்னு குழலிய கேட்டேன். தலகாணிய இழுத்து மடியில வெச்சுக்கிட்டா. அப்புறம், "நீ விழுந்தா எந்திரிச்சிடுவியாப்பா?"
"எந்திரிச்சிடுவேன்."
"அம்மாவும் எப்பவும் எந்திரிச்சிடும்."


21, செவ்வாய்
சாயங்காலம் நானே துப்பாக்கிய எடுத்து அவ கையில குடுத்தேன். சுடுன்னேன். தயங்கித் தயங்கி, டுமீல்.
சுவத்துல சாஞ்சேன். கதவப் புடிச்சேன். "குழலி... பிளான்ட்டுக்கு லீவு சொல்லிரு... ஒன் யூனிஃபார்ம் கொடியில கெடக்கு, மழை வந்தா எடுத்துரு... அம்மாகிட்ட..."
அதுக்கு மேல வரல. தரையில கெடந்தேன். எவ்ளோ நேரமோ. அக்கா அடுப்பங்கரையிலேருந்து ஓடியாந்துச்சு.
குழலி துப்பாக்கி முனையால தோள்ல குத்துனா. "அப்பா. அம்மா இப்படியெல்லாம் அழாதுப்பா. எந்திரி."
எந்திரிச்சேன்.
என் மூஞ்சியவே பாத்தா. அப்புறம் சிரிச்சா. மறுபடி விழணுமாம். இந்த வாட்டி இன்னும் கொஞ்சம் பேசணுமாம்.