வேலியின் வழுக்குப் பக்கம்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? எனக்குக் கோபத்தைத் தவிர வேறு நோவில்லை.

குவீன்ஸ்லாந்தில் புதுவீடுகள் கட்டும் இந்தக் காட்டோரத்தில், கோவாலாக்கள் சாலைக்கு வராதபடி வேலி போட்டாயிற்று. இங்கே விலங்குகளைப் பாதுகாப்பதுதானே என் வேலை; ஏற முடியாமல் வழுக்கும் தகரத்தைக் காட்டுப் பக்கம் அடிக்கச் சொல்லியிருந்தேன். சாலைப் பக்கம் அடித்திருக்கிறார்கள்! போன வாரம் ஒரு தாய்க் கோவாலா குட்டியைச் சுமந்துகொண்டு சுலபமாக ஏறி வந்துவிட்டது. திரும்ப வழியில்லாமல் லாரிகளுக்கு நடுவே நின்றது.

மேஸ்திரி ட்ரெவரிடம் கேட்டேன்.

"வீடு வாங்க வர்றவங்களுக்குப் பளபளன்னு தெரிய வேணாமா, மார்னி? கோவாலாவா வீடு வாங்கப் போகுது?"

"அதோட வீட்டைத்தானேய்யா வித்துக்கிட்டிருக்கீங்க!" என்று கத்தினேன்.

சாலைப் பக்கம் வேலிமேல் ஒரு மரக்கட்டையைச் சாய்த்து வைத்தேன். தாய்க் கோவாலா அதைப் பிடித்து ஏறிக் குட்டியோடு காட்டுக்குள் போய்விட்டது. கவலைப்படாதீர்கள், லாரி எதுவும் என்னை உரசவில்லை. ஆனால் கட்டை அசிங்கமாக இருக்கிறதென்று ட்ரெவர் தினமும் தூக்கிப் போடுகிறான். நான் தினமும் எடுத்து வைக்கிறேன்.

என் கம்பளிக் காலுறைகளை அனுப்புங்கள். ப்ளம் ஜாமும் கொஞ்சம். சின்ன பாட்டில் போதும், சாப்பிட நான் ஒருத்திதானே.

உங்கள் பிறந்தநாளுக்கு வர முடியாது, அப்பா. தகரத்தை மாற்றும்வரை கட்டைக்கு நான்தான் காவல்.

அதோ, தூக்குகிறான். ஓடுகிறேன்.

மார்னி