மப்ரூக்காவின் பேரில் கொடுத்த மாத்திரை

மெத்லாவி,
வியாழக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்

அன்புள்ள பெல்காசெம்,

உனக்கும் உன் வீட்டாருக்கும் ஸலாம். நான் நலம் என்று எழுதச் சொல்கிறேன், கடிதம் அப்படித்தானே தொடங்க வேண்டும். எழுதுவது பக்கத்து வீட்டு ஆசிரியை ராவியா. சொல்வதை அப்படியே எழுதம்மா, அழகு பண்ணாதே என்று சொல்லியிருக்கிறேன். அங்கே உன் மகன் மொன்ஜி உன் நல்ல காதுப் பக்கம் உட்கார்ந்து சத்தமாகப் படிக்கட்டும். ஒரு வரியும் விடக் கூடாது.

போனில் சொன்னது உனக்குப் போய்ச் சேரவில்லை. மொன்ஜி உன் காதில் கத்தியதும் நீ திருப்பிக் கத்தியதும் இங்கே கேட்டது. "செத்துப்போன பொண்டாட்டி பேர்ல குடுத்த தர்மத்தைத் திரும்பக் கேக்குறானா அந்த லஸ்ஹர்? மாத்திரை வேணும்னா கடையில போய் வாங்கிக்கச் சொல்லுடா!" என்றாய். உன் வீடே சிரித்தது. நானும் சிரித்திருக்க வேண்டும். எனக்கு இப்போது எதுவும் சட்டென்று வருவதில்லை, சிரிப்பும் சரி, மற்றதும் சரி. போன வாரம் மழையில் கூரை ஒழுகியது. பாத்திரம் வைக்கத் தோன்றவில்லை. பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். மப்ரூக்காவின் நாற்பதாம் நாளுக்கு நீ வந்தபோது முட்டியை மடக்கி கூஸ்கூஸ் தட்டின் முன்னால் உட்கார உன்னால் முடியவில்லை. நாற்காலி போட்டோம், நீ பையன்களையெல்லாம் திட்டினாய். அன்றைக்குத்தான் அவளுக்கு மீதியிருந்த முட்டிவலி மாத்திரை இரண்டு டப்பாவையும், நன்மை அவளுக்குப் போய்ச் சேரட்டும் என்று உன் கையில் கொடுத்தேன். அந்த மாத்திரையை இன்றோடு நிறுத்து. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

யார் சொன்னது என்று கேட்பாய். தலைநகரத்திலிருந்து ஒரு டாக்டர் வந்தாள், பெயர் சிஹெம். அவளுக்கு வைத்தியம் பார்க்கிற வேலை இல்லை. கடைக்கு வந்துவிட்ட மருந்துகள் ஜனங்களை என்ன செய்கின்றன என்று கவனிக்கிற வேலை. அப்படி ஒரு வேலை இருப்பதே எனக்குத் தெரியாது. மப்ரூக்காவைப் போலவே கண் மஞ்சளாகி இன்னும் இரண்டு பெண்கள் இங்கே ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார்கள். மூன்று பேருக்கும் அதே மாத்திரை. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவர் அதைப் பார்த்துவிட்டுத் தலைநகரத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறார்.

அவள் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். எனக்கு எதுவும் மறப்பதில்லை, உனக்குத் தெரியும். முதலில் மப்ரூக்காவுக்குச் சாப்பாடு வெறுத்தது. ஆலிவ் எண்ணெய் வாடையே ஆகவில்லை. பிறகு உடம்பெல்லாம் அரிப்பு. சிறுநீர், கொதித்துக் கொதித்துக் கறுத்த தேநீர் நிறத்தில் போனது. கண் மஞ்சளானபோது என்னைக் கூப்பிட்டு, "நல்லாப் பாருங்க, ஊறுகாய் போட்ட எலுமிச்சை மாதிரி இருக்கேனா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அந்த மாதம் முழுக்க முட்டி வலிக்கவே இல்லை என்று சந்தோஷமாக இருந்தாள். கல்லீரல் கெட்டுவிட்டது என்றார்கள். புதைத்தோம். இதையெல்லாம் நான் சொன்ன விதத்தைப் பார்த்து டாக்டரம்மா ராவியாவிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

மாத்திரைதான் கொன்றது என்று அவள் சொல்லவில்லை. நேராகவே கேட்டேன். "அப்படி அடிச்சுச் சொல்ல என்னால முடியாது, பெரியவரே. சந்தேகம் இருக்கு. சந்தேகம் வந்தா நிறுத்திடணும், எங்களுக்குச் சொல்லணும்" என்றாள். விற்பனைக்கு விடும் முன்பு சில ஆயிரம் பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்களாம், அப்போது ஒன்றும் தெரியவில்லையாம். ஊர் உலகமெல்லாம் விழுங்கத் தொடங்கிய பிறகுதான் சிலது தெரியுமாம்.

இது உனக்குப் புரியும், பெல்காசெம். சுரங்கத்தில் புதுப் பாதை வெட்டினால் இன்ஜினியர் வந்து தட்டிப் பார்த்து, சரி என்று போவான். அவன் பொய் சொல்லவில்லை. ஆனால் நாம் இருபது பேர் உள்ளே போய்க் குத்தத் தொடங்கிய பிறகுதான் மேலே முட்டுக்கொடுத்த மரம் கிரீச்சிடும். அந்தச் சத்தம் கேட்டவன் கத்த வேண்டும். நிச்சயமா, சந்தேகமா என்று யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாது. அன்றைக்கு நீ கத்தினாய். அப்போது உனக்குக் காது இருந்தது. ஓடு என்று நீ சொன்னதும் நான் ஏன் எதற்கு என்று கேட்டேனா? செருப்பை விட்டுவிட்டு ஓடினேன். அன்று கூரை விழவில்லை, மறுநாள்தான் விழுந்தது. அந்த ஒரு நாள் முழுக்க உன்னைக் கோழை என்று கேலி செய்தார்கள். இப்போது கத்துவது என் முறை. கேலி செய்துகொள்.

மீதி மாத்திரை எங்கே என்று டாக்டரம்மா கேட்டபோதுதான் உன் ஞாபகம் வந்தது. அன்று மாலையே போன் செய்தேன். நீ சிரித்து முடித்த பிறகு மொன்ஜி தனியாகப் பேசினான். "அப்பா டப்பாவைத் தலகாணிக்கு அடியில வெச்சிருக்காரு பெரியப்பா, எங்களைத் தொட விட மாட்டேங்கிறாரு. இப்பல்லாம் பள்ளிவாசலுக்கே நடந்து போறாரு" என்றான். போனை வைக்கப் போகும்போது, "சாப்பாடுதான் சரியா எறங்க மாட்டேங்குது. வெயில்னு நெனைக்கிறோம்" என்றான்.

வெயில் இல்லை.

மொன்ஜி, இந்த இடத்தில் படிப்பதை நிறுத்து. உன் அப்பாவை வாசல் வெளிச்சத்துக்குக் கூட்டிப் போய்க் கண்ணின் வெள்ளையைப் பார். மஞ்சள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இன்றைக்கே உங்கள் தூஸ் ஊர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ, ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல். டப்பாவையும் கொண்டு போ. கோபத்தில் எரித்துவிடாதே. அதன் மேல் இருக்கிற எண் அவர்களுக்கு வேண்டும்.

பெல்காசெம், உன் பெயரையும் ஊரையும் அந்த டாக்டரம்மாவிடம் கொடுத்துவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வருவான். நாயை அவிழ்த்துவிடாதே. தர்மமாகக் கொடுத்ததைத் திரும்பக் கேட்பது எவ்வளவு கேவலம் என்று எனக்குத் தெரியும். இமாமிடம் கேட்கலாம் என்றாள் ராவியா. நான் கேட்கவில்லை. பாவம் என்றால் அது என்னோடு போகட்டும், மப்ரூக்காவுக்கு வேறு ஏதாவது செய்துகொள்கிறேன்.

இங்கே பாஸ்பேட் ரயில் மறுபடி நின்றுவிட்டது, வேலை கேட்டுப் பையன்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். வேறு சேதி இல்லை.

மாத்திரையை விட்டால் முட்டி மறுபடி பிடித்துக்கொள்ளும், பள்ளிவாசலுக்கு நடக்க முடியாது. தெரியும். வலிக்கட்டும். மப்ரூக்காவைக் கிடத்திய சந்தூக்கை முன்னால் நின்று தூக்கியவன் நீ. எனக்கும் நீதான் தூக்க வேண்டும், அந்த வரிசையை மாற்றாதே. முனகிக்கொண்டே தூக்கு, நொண்டிக்கொண்டே தூக்கு. அல்லாஹ் உன்னை அதுவரைக்கும் வைத்திருக்கட்டும்.

உன்,
லஸ்ஹர்